நாலுக்குப் போகும் வழி

கலப்பெண் பாடத்தைப் பெரும்பாலும் அ² + 1 = 0 என்ற சமன்பாட்டில்தான் தொடங்குகிறோம். அது நல்ல வாசல் அல்ல. "இதற்கு விடை இல்லை" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடும் மாணவனிடம் குறை காண முடியாது. கணிதம் கற்றவர்களே நெடுங்காலம் அப்படித்தான் மூடினார்கள். பொலோன்யாவில் பிறந்த ரஃபேல் பொம்பெல்லி, சதுப்பு நிலங்களில் நீர் வடிக்கும் வேலை பார்த்த பொறியாளர். 1572இல் வெளிவந்த அவருடைய இயற்கணித நூலில் உள்ள ஒரு கணக்கு இதைவிடப் பொருத்தமானது. இன்றைய குறியீட்டில் அதை வரிவரியாகப் பார்க்கலாம்.

அ³ = 15அ + 4

அ = 4 என்று போட்டால் இருபுறமும் 64. மற்ற இரு மூலங்கள் −2 + √3, −2 − √3, அவையும் மெய்யெண்களே. ஆசிரியர் இந்த வரியில் அவசரப்படக் கூடாது. 4 சரியான விடை என்று மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டால்தான் அடுத்த வரி உறுத்தும்.

அ = ∛(2 + √−121) + ∛(2 − √−121)

இது கார்டானோ 1545இல் ‘ஆர்ஸ் மாக்னா’ நூலில் வெளியிட்ட முப்படிச் சமன்பாட்டுச் சூத்திரத்தின் விளைவு. 4இல் பாதி 2. 15இல் மூன்றில் ஒரு பங்கு 5. 2இன் வர்க்கத்திலிருந்து 5இன் கனத்தைக் கழித்தால் 4 − 125 = −121. அதற்குத்தான் வர்க்கமூலம் எடுக்க வேண்டியிருக்கிறது. இருபடிச் சமன்பாட்டில் இப்படி வந்தால் மெய் விடை இல்லை என்று தப்பித்துவிடலாம். இங்கே அந்தச் சாக்கு செல்லாது, 4 கண்முன்னே நிற்கிறது. கார்டானோவும் இத்தகைய எண்களைத் தொட்டுப் பார்த்தவர்தான். கூட்டினால் 10, பெருக்கினால் 40 வரும் இரண்டு எண்களாக 5 + √−15, 5 − √−15 என்று எழுதியவர், பயனில்லை என்று அவற்றை ஒதுக்கினார்.

(2 + √−1)³ = 2 + 11√−1

பொம்பெல்லி ஒதுக்கவில்லை. √−1ஐ அதனாலேயே பெருக்கினால் −1. மற்றபடி வழக்கமான இயற்கணிதம். விரித்தால் 8 + 12√−1 − 6 − √−1. √−121ஐ முதலில் 11√−1 என்று மாற்றிக்கொள்வது முக்கியம். √−4 × √−9ஐ √36 ஆக்கி 6 என்று எழுதுபவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. 2√−1 × 3√−1 என்று எழுதியிருந்தால் −6 கிடைத்திருக்கும்.

(2 + √−1) + (2 − √−1) = 4

கற்பனைப் பகுதிகள் அடிபட்டுப் போகின்றன. இதற்கு மேல் உரை தேவையில்லை.

ஆனால் 2 + √−1 எங்கிருந்து வந்தது? யாரும் கேட்காவிட்டால் ஆசிரியரே கேட்க வேண்டும். கனமூலத்தை ப + ம√−1 என்று வைத்தால், இரு கனமூலங்களின் பெருக்கற்பலன் ∛125 என்பதால் ப² + ம² = 5, கனத்தின் மெய்ப்பகுதியிலிருந்து ப³ − 3பம² = 2 என இரண்டு நிபந்தனைகள் வரும். முழு எண்ணாகத் தேடினால், ப-வின் வர்க்கம் 5ஐத் தாண்டக் கூடாது, ஆகவே 2 சிக்கிவிடும். தேடாமல் முறையாகத் தீர்க்கப் போனால்தான் வேடிக்கை. ம²ஐ நீக்கினால் 4ப³ − 15ப = 2; ப-வுக்கு அ/2 என்று போட்டால் அ³ = 15அ + 4. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம்!

இது பொம்பெல்லியின் திறமைக் குறைவல்ல. கெழுக்கள் விகிதமுறு எண்களாகவும், மூன்று மூலங்களும் மெய்யாகவும், அவற்றில் ஒன்றுகூட விகிதமுறு எண்ணாக இல்லாமலும் அமைந்த முப்படிச் சமன்பாட்டை, மெய்யெண்களின் மூலக்குறிகளை மட்டும் கொண்டு தீர்க்கவே முடியாது என்று பியர் வான்ட்செல் 1843இல் நிறுவினார். அ³ = 3அ + 1 அந்த வகை. மாணவர்கள் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கட்டும்: மூலக்குறிக்குள் −3/4 வரும், ஊகித்துப் பிடிக்க 4 போல ஒரு முழு எண் இருக்காது.