மறுபடியும் கேட்: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு

கேட் தேர்வை இன்னொரு தடவை எழுதுவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு ஜனவரியும் நம் ஆட்கள் வீடுகளில் நடக்கும் பஞ்சாயத்து. (இன்ஜினியர் பையன்கள் எழுதும் கேட் வேறு. இது ஐ.ஐ.எம்.களில் நுழைவதற்கான 'பூனை' கேட்.) ஆனால் எழுதிய அத்தனை பேரும், இஷ்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், திரும்ப எழுத வேண்டிவந்த ஒரு தடவையும் உண்டு.

2003 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பென்சிலால் வட்டங்களை நிரப்பிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அன்றைக்கே தேர்வு ரத்து. வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகிவிட்டதை சி.பி.ஐ. கண்டுபிடித்திருந்தது. மறுதேர்வு 2004 பிப்ரவரி 15-ஆம் தேதி, அதாவது சரியாகப் பன்னிரண்டு வாரம் கழித்து. நன்றாக எழுதியவனுக்கு வயிற்றெரிச்சல், சொதப்பியவனுக்குக் குலதெய்வம் கண் திறந்த மாதிரி.

அதே பிப்ரவரியில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஐ.ஐ.எம். கட்டணத்தை வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து 30,000 ரூபாயாகக் குறைக்கச் சொல்லி மத்திய அரசு உத்தரவு போட்டது. மே மாதம் ஆட்சி மாறியது, உத்தரவும் போயிற்று. இன்று அகமதாபாத்தில் இரண்டு வருஷப் படிப்புக்கு 25 லட்சத்துக்கு மேல் ஆகிறது. கல்விக்கடன் மேஜையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்த வித்தியாசம் தினமும் கண்ணில் படும்.

அடுத்த களேபரம் 2009-இல். காகிதத்தை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறிய முதல் வருஷம். நவம்பர் 28-ஆம் தேதி தொடங்கியதும் பல மையங்களில் மெஷின்கள் படுத்துவிட்டன. வைரஸ்தான் காரணம் என்றார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு 2010 ஜனவரி கடைசியில் மறுதேர்வு வைத்தார்கள். கொரோனா வந்த 2020-இல் மூன்று மணி நேரத் தேர்வு இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. 2019-இல் நூறாக இருந்த கேள்விகள் 2021-இல் 66 ஆகிவிட்டன. 'போன தடவை எழுதிய அனுபவம் இருக்கு' என்று தெம்பாகப் போனவர்களுக்குத் தேர்வே வேறாக இருந்தது. கேட்டை மறுபடி எழுதுவது அரியர் பேப்பரை மறுபடி எழுதுவது போல இல்லை.

இன்னொன்று, நம் பெற்றோர்கள் பலர் பர்சென்டைலை மார்க் என்றே நினைக்கிறார்கள். 94 வாங்கியவன் இன்னும் ஐந்து வாங்கினால் 99, அவ்வளவுதானே என்று கேட்கிறார்கள். அது மார்க் இல்லை, வரிசையில் நிற்கும் இடம். 2024-இல் தேர்வு எழுதியவர்கள் சுமார் 2 லட்சத்து 93 ஆயிரம் பேர். அதில் 94 பர்சென்டைல் என்றால் முன்னால் ஏறக்குறைய 17,500 பேர், 99 என்றால் 2,900 பேர். அந்த ஐந்துக்கு 14,600 தலைகளைத் தாண்ட வேண்டும். அடுத்த வருஷ வரிசையிலோ இதே கணக்கோடு திரும்ப எழுத வருபவர்களும் நிற்பார்கள்.

தாண்டினாலும் மாறாத சில விஷயங்கள் உண்டு. அகமதாபாத், பெங்களூர் போன்ற இடங்கள் கேட்டோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்குகளையும் கணக்கில் எடுக்கின்றன. அதை எத்தனை தடவை கேட் எழுதியும் திருத்த முடியாது. கூட்டிக்கொள்ள முடிவது வேலை அனுபவம் ஒன்றைத்தான். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து படிப்பவன் அதையும் இழக்கிறான்.

எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு திருநெல்வேலிப் பையன், பி.காம். முடித்தவன். கையில் 94 பர்சென்டைல், கூடவே ஒரு பொதுத்துறை வங்கியில் பி.ஓ. வேலைக்கான ஆர்டர். "அங்கிள், ஒரு வருஷம் வீட்டில் இருந்து முழுமூச்சாகப் படிக்கட்டுமா?" என்று கேட்டான். அப்பா ரிட்டயராக இரண்டு வருஷம்தான் பாக்கி. அம்மா ஒன்றும் பேசாமல் காபியை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த ஐ.ஐ.எம். வேண்டும் என்று முதலில் கேட்டேன். 2003-இல் இருந்தவை ஆறுதான். இன்று இருபதுக்கு மேல், 2011-இலிருந்து திருச்சியிலும் ஒன்று. ஆறு பழைய இடங்கள் மட்டும்தான் வேண்டும் என்றால் அது ஒரு கணக்கு, எங்கே கிடைத்தாலும் சரி என்றால் வேறு கணக்கு. அவன் வேண்டும் என்றது அகமதாபாத். எந்தப் பகுதியில் மார்க் போனது என்று அடுத்து கேட்டேன். கணக்கும் லாஜிக்கும் நன்றாகவே வந்திருந்தன, ஆங்கிலத்தில்தான் அடி. ஆங்கிலம் மூன்று மாத கோச்சிங்கில் வராது, தினமும் படித்தால் ஒரு வருஷத்தில் கொஞ்சம் வரும். அதற்கு வேலையை விடவேண்டியதில்லை.

சிவில் சர்வீஸில் பொதுப்பிரிவுக்கு ஆறு தடவை என்று வரம்பு இருக்கிறது. கேட்டுக்கு வயது வரம்பும் கிடையாது, இத்தனை தடவைதான் என்பதும் கிடையாது. போதும் என்று வெளியிலிருந்து யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் எண்ணிக்கையை இப்போதே முடிவு செய்துகொள் என்றேன். "இரண்டு" என்றான். அம்மா உடனே "ஒண்ணு" என்றார். கொஞ்ச நேரம் பேரம் நடந்தது.

ஆர்டரை ஏற்றுக்கொண்டு வேலையில் சேர்ந்துவிட்டான். போஸ்டிங் ராஜ்கோட் பக்கம் ஒரு சின்ன ஊரில். தினமும் ஆங்கில பேப்பரில் தலையங்கம், ஞாயிறு காலை மாக் டெஸ்ட். கேட்டும் நவம்பர் ஞாயிற்றுக்கிழமையில்தான் வருகிறது, அதனால் மேனேஜரிடம் லீவுக்குப் போய் நிற்க வேண்டிய அவசியமில்லை. எத்தனை தடவை என்பதில் அம்மாதான் ஜெயித்தார்.