உறைநிலமும் உரிமையும்: அலாஸ்கா வடபுல அருங்காட்சியகத்தின் வரலாறு

முன்னுரை

அருங்காட்சியகப் பொருள் ஒவ்வொன்றும் ஏதோ ஓரிடத்திலிருந்து எடுக்கப்பட்டதே. எடுத்தவர் யார், அவ்விடம் யாருக்குரியது என்னும் வினாக்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகோடி மாநிலமான அலாஸ்காவில் கூர்மையாக எழுகின்றன. ஃபேர்பேங்க்ஸில் அமைந்துள்ள அலாஸ்காப் பல்கலைக்கழக வடபுல அருங்காட்சியகம் இயற்கை, பண்பாடு என்னும் இருவகை மரபுச் செல்வங்களையும் காத்துவருகிறது. அச்செல்வம் திரண்ட முறையையும், அதன்மீதான உரிமை குறித்து எழுந்த கருத்துமாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றம்

1917இல் சட்டவழி நிறுவப்பெற்ற வேளாண்மை, சுரங்கவியல் கல்லூரி 1922இல் மாணவர்களை ஏற்றது. 1935இல் பல்கலைக்கழகமாகப் பெயர் மாறியது. அதன் முதல் தலைவரான சார்லஸ் பன்னல், வடபுலப் பொருள்கள் வடபுலத்திலேயே தங்கவேண்டும் என விரும்பினார். செருமானியரான ஓட்டோ வில்லியம் கைஸ்ட் 1926 முதல் கல்லூரிக்காகப் பொருள்களைத் திரட்டலானார். 1980இல் எழுந்த அருங்காட்சியகக் கட்டடம் அவர் பெயரையே தாங்கியது.

தங்கச் சுரங்கமும் தொல்லுயிர் எச்சங்களும்

ஃபேர்பேங்க்ஸைச் சூழ்ந்த நிலம் ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் தன்மையது. தங்கம் அகழ்ந்தோர் மேல்மண்ணை நீர்ப்பீச்சலால் கரைத்து நீக்கினர். அப்போது மாமத யானை, காட்டெருது, குதிரை ஆகியவற்றின் எலும்புகள் வெளிப்பட்டன. கைஸ்ட் திரட்டிய எச்சங்களுள் பல நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. நிலத்தை அழித்த தொழிலே அறிவியலுக்குச் சான்றும் அளித்தது என்பது நோக்கத்தக்கது.

1979இல் சுரங்கத் தொழிலர் கண்டெடுத்த புல்வெளிக் காட்டெருதின் உடல் இதற்குச் சிறந்த சான்று. விவியனைட்டு என்னும் கனிமம் படிந்து நீலநிறம் பெற்றமையால் அது ‘ப்ளூ பேப்’ எனப்பட்டது. தோலிலிருந்த நகத்தடங்களையும் பற்றடங்களையும் கொண்டு, சிங்கங்களால் கொல்லப்பட்டது எனப் பேராசிரியர் டேல் கத்ரி நிறுவினார். முதலில் 36,000 ஆண்டு எனக் கணிக்கப்பட்ட அதன் காலம், அதனினும் தொன்மையானது எனப் பின்னைய ஆய்வுகள் காட்டின.

குக்குலிக் மேடு

பண்பாட்டுத் தொகுப்பின் வரலாறு இத்துணை எளிதன்று. பெரிங் கடலிலுள்ள செயின்ட் லாரன்ஸ் தீவில், குக்குலிக் என்னும் குடியிருப்பு மேட்டைக் கைஸ்ட் 1930களின் முற்பகுதியில் அகழ்ந்தார். அவரும் ஃப்ரோலிக் ரெய்னியும் எழுதிய அறிக்கை 1936இல் வெளிவந்தது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வாழ்வின் அடுக்குகள் அங்கே புதைந்திருந்தன. தந்தத்தில் செதுக்கிய ஈட்டிமுனைகளும் கருவிகளும் தொகுப்பில் சேர்ந்தன.

எனினும் அம்மேடு தொன்மைச் சின்னம் மட்டுமன்று. 1878 முதல் 1880 வரை நிலவிய பஞ்சத்திலும் நோயிலும் தீவு மக்களுள் பெரும்பாலோர் மாண்டனர். குக்குலிக்கும் அப்போதே பாழூராயிற்று. அகழாய்வு நடந்தபோது அத்துயர் நிகழ்ந்து அறுபதாண்டு நிறையவில்லை. கூலிக்கு மண் அகழ்ந்த யூப்பிக் மக்களுக்கு அம்மேடு தம் முன்னோர் மாண்ட ஊர். அறிவியலுக்குத் தொல்லியல் அடுக்காகத் தோன்றியது அவர்களுக்கு உறவினர் நிலமாக இருந்தது எனலாம்.

உரிமை பற்றிய மாற்றம்

1971இல் இயற்றப்பட்ட அலாஸ்காப் பழங்குடியினர் நிலவுரிமைச் சட்டத்தின்வழி, அத்தீவின் நிலம் பெரும்பாலும் கேம்பெல், சவூங்கா ஆகிய ஊர்களின் உடைமையாயிற்று. 1990இல் வந்த பழங்குடியினர் கல்லறைப் பாதுகாப்புச் சட்டம், கூட்டரசின் நிதிபெறும் அருங்காட்சியகங்கள் தம்மிடமுள்ள மனித எச்சங்களையும் புதைபொருள்களையும் பட்டியலிட்டு உரிய குடியினர்க்கு அறிவிக்கவும், உறவு நிறுவப்படின் திருப்பித் தரவும் பணித்தது. திரட்டுவோர் உரிமையே முதன்மை பெற்றிருந்த நிலை இவற்றால் மாறி, காப்போர் கடமை என்னும் கருத்து வலுப்பெற்றது.

முடிவுரை

பல்கலைக்கழகம் நிற்கும் குன்றை அதபாஸ்கன் மக்கள் ‘ட்ரோத் யெத்தா’ என வழங்கினர். காட்டுக்கிழங்கு விளையும் முகடு என்பது பொருள். 2013இல் அப்பெயர் அமெரிக்க அரசின் ஏற்பைப் பெற்றது. கிழங்கு அகழ்ந்தோர் இட்ட பெயர் நிலப்படத்தில் மீண்டமைபோல், பொருள்களுக்கு உரியோரின் குரலும் காட்சிக்கூடத்தில் இடம்பெறுதல் வேண்டும். உறைநிலம் காத்த சான்றுகளை அறிவுலகிற்கு வழங்குவதோடு அவற்றின் உரிமையாளரையும் மதிக்கும்போதே அருங்காட்சியகத்தின் பணி நிறைவுறும்.