ஹெச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களுக்கு ஆன்லைன் மனநல உதவி: யாரை அழைக்கலாம்? ரகசியம் காக்கப்படுமா?

கிண்டியில் தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், கடைசி நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். 2004 ஏப்ரல் 1-ம் தேதி மத்திய அரசு ஹெச்.ஐ.வி.க்கான இலவச கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் அது கிடைத்த இடங்களில் ஒன்று இங்குள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

இன்றும் அந்த நிறுத்தத்தில் இறங்கும்போது, "தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா?" என்று சுற்றும் முற்றும் பார்ப்பவர்கள் உண்டு. மாத்திரைக்காக நேரில் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் மனசு விட்டுப் பேச? அதற்கு போன், வீடியோ, ஆப் என வழிகள் வந்துவிட்டன. அவை எவ்வளவு தூரம் உதவும்? அதில் ரகசியம் காக்கப்படுமா?

மனநல உதவி ஏன் அவசியம்?

2023-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் ஹெச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள். மருந்தைத் தவறாமல் எடுத்தால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறையும். அந்த நிலை நீடிக்கும் வரை உடலுறவு மூலம் இன்னொருவருக்குத் தொற்று பரவாது என்பது உறுதியாகியுள்ளது.

ஆனால் இதற்கெல்லாம் அடிப்படை, தினமும் மாத்திரை போடுவது. மனச்சோர்வு வந்தால் முதலில் தடுமாறுவது அதுதான். "எதுக்கு போடணும்?" என்ற எண்ணம் வரும், மாத்திரை விட்டுப்போகும், வைரஸ் மீண்டும் பெருகும். பொது மக்களைவிட ஹெச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களிடம் மனச்சோர்வு அதிகம். அதனால் மனநலமும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

சில நேரம் மாத்திரையே காரணமாகலாம். முன்பு பரவலாகத் தரப்பட்ட எஃபாவிரென்ஸ் மருந்தால் சிலருக்கு பயங்கரக் கனவுகள், தலைச்சுற்றல், மனச்சோர்வு வரும். இப்போது தரப்படும் டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அப்படி இருந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எந்த எண்ணை அழைக்கலாம்?

1097: தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கட்டணமில்லா உதவி எண். பரிசோதனை, சிகிச்சை, பாகுபாடு பற்றிய சந்தேகங்களைக் கேட்கலாம்.

14416: மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல சேவை. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். 2024-ல் இதற்கான ஆப்பும் வந்தது.

044-24640050: 1986 முதல் சென்னையில் இயங்கும் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண்.

இவை தவிர, மாத்திரை வாங்கும் ஏ.ஆர்.டி. மையத்திலேயே ஆலோசகர் இருப்பார். உங்கள் நிலை ஏற்கெனவே தெரிந்தவர் என்பதால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டோமேட்டிக் மெசேஜ் போதாதா?

போதாது என்பதற்கு தென்னிந்தியாவிலேயே ஆதாரம் உண்டு. புதிதாக சிகிச்சை தொடங்கிய 631 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு பிரிவினரின் செல்போனுக்கு வாரம்தோறும் தானியங்கி குரல் அழைப்பும் பட மெசேஜும் 96 வாரங்கள் அனுப்பப்பட்டன. 2014-ல் வெளியான முடிவு: மெசேஜ் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சிகிச்சைப் பலனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இது மாத்திரையை நினைவூட்டும் மெசேஜ் பற்றிய ஆய்வு, மனநல ஆலோசனை பற்றியது அல்ல. ஆனால் ஒன்று புரிகிறது: போன் அடித்தால் மட்டும் போதாது, மறுமுனையில் கேட்க ஒரு மனிதர் வேண்டும். 2020-ல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் நோயாளிக்கு நேரடியாக ஆலோசனை தரவோ மருந்து எழுதவோ அதில் அனுமதி இல்லை. வீடியோவில் பேசும் மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஹெச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லியே ஆகணுமா?

உதவி எண்ணில் பேசச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 8-வது பிரிவு, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகள் தவிர, யாரையும் தன் நிலையை வெளியிடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 11-வது பிரிவின்படி, இந்தத் தகவலை வைத்திருக்கும் நிறுவனம் அதைப் பாதுகாக்க வேண்டும். மனநல மருத்துவச் சட்டமும் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது.

ஆனால் மனநல மருத்துவர் மாத்திரை எழுதும்போது கட்டாயம் சொல்லிவிடுங்கள். மனநிலையைச் சீராக்கத் தரப்படும் கார்பமசெபின், ரத்தத்தில் டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும். மனச்சோர்வுக்கு என ஆன்லைனில் விற்கப்படும் 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' மூலிகையும் அப்படித்தான்.

வீட்டில் ஒரே போன் இருந்தால்?

சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். வீட்டுக்குள் போனை எடுத்துப் பார்ப்பவரைக் கட்டுப்படுத்தாது. அதனால் சில முன்னெச்சரிக்கைகள் தேவை:

* பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலில் இருந்து எண்ணை நீக்குங்கள்.

* லாக் திரையில் மெசேஜ் தெரியாதபடி நோட்டிபிகேஷனை மாற்றுங்கள்.

* ஆலோசகர் திரும்ப அழைப்பதாக இருந்தால், எந்த நேரம் பாதுகாப்பானது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனை வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்றும் பேசி வையுங்கள்.

* ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து, தெரியாத ஆப்பில் ஏற்றாதீர்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் சேரலாமா?

ஒரே நிலையில் இருப்பவர்கள் பேசிக்கொள்வது பெரிய ஆறுதல். இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில். ஹெச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களே சேர்ந்து 1997-ல் அகில இந்திய அளவிலான கூட்டமைப்பையும், 1998-ல் பெண்களுக்கான தனி கூட்டமைப்பையும் உருவாக்கியதும் இதே சென்னையில்தான். ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பே, "எனக்கும் இருக்கு, நானும் வாழ்றேன்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லித் தைரியம் கொடுத்த முறை இது.

ஆனால் வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியும். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் தடுக்க முடியாது. சேரும் முன் குரூப்பை நடத்துவது யார் என்று ஏ.ஆர்.டி. மையத்திலோ மாவட்டக் கூட்டமைப்பிலோ கேட்டுக்கொள்ளுங்கள். 'முழுசா குணமாக்குறோம்' என்று யாராவது மருந்து விற்றால் உடனே வெளியேறுங்கள்.

எப்போது நேரில் போக வேண்டும்?

இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, தூக்கமும் பசியும் குறைந்தாலோ, மாத்திரை விட்டுப்போனாலோ மருத்துவரை நேரில் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே 14416-ஐ அழையுங்கள், அல்லது நம்பும் ஒருவரை அருகில் இருக்கச் சொல்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழப்பம், நினைவுத் தடுமாற்றம், கடும் தலைவலி வந்தால் அது மூளையைப் பாதிக்கும் தொற்றாகவும் இருக்கலாம். அதை போனில் கண்டுபிடிக்க முடியாது.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர் தன் நிலையை உங்களிடம் சொன்னால், அதை மூன்றாவது ஆளிடம் கொண்டு போகாதீர்கள். அவர் அடுத்த முறை உதவி கேட்பாரா என்பது அதில்தான் இருக்கிறது.