விருதுநகர் வட்டாரத்தில் போன்சாய் வளர்ப்பு

போன்சாய் என்பது ஒரு மரத்தை ஆழமற்ற சிறு தொட்டியில் பல ஆண்டுகள் வளர்த்து, கிளைகளையும் வேர்களையும் அவ்வப்போது கத்தரித்து, முதிர்ந்த பெருமரத்தின் தோற்றத்தைச் சிற்றளவில் உருவாக்கும் தோட்டக்கலை ஆகும். தமிழில் இது குறுமரக் கலை என்றும் குறிப்பிடப்படுகிறது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய விருதுநகர் மாவட்டம் வெப்பமும் வறட்சியும் மிகுந்த பகுதியாகும். போன்சாய் நூல்கள் பலவும் குளிர்நாட்டு மரங்களையும் பருவங்களையும் கருத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அவற்றின் அறிவுரைகளை அப்படியே பின்பற்றினால் இங்கு மரம் பட்டுப்போக நேரிடும். எனவே மரத்தெரிவு, நீர், நிழல், தொட்டி மாற்றும் காலம் ஆகியன இவ்வட்டாரத்துக்கு ஏற்ப அமைய வேண்டும்.

பெயரும் வரலாறும்

ஜப்பானிய மொழியில் "போன்" என்பது தட்டு போன்ற தொட்டியையும் "சாய்" என்பது நடப்பட்ட செடியையும் குறிக்கும். இக்கலை சீனாவின் பென்ஜிங் கலையிலிருந்து தோன்றியது. கி.பி. 706-இல் அமைக்கப்பட்ட தாங் அரசமரபு இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடிகள் வைத்த தட்டை ஏந்திய பணியாளர் உருவம் காணப்படுகிறது. ஜப்பானில் 1923-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவிலிருந்து வெளியேறிய வளர்ப்பாளர்கள் 1925-இல் ஓமியாவில் போன்சாய்க் கிராமத்தை அமைத்தனர். இந்தியாவில் மைசூரு அவதூத தத்த பீடத்தில் உள்ள கிஷ்கிந்தா மூலிகா போன்சாய்த் தோட்டம் பொதுமக்கள் காணக்கூடிய தொகுப்புகளுள் ஒன்று.

வட்டாரத்தின் காலநிலை

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இம்மாவட்டம் அமைந்துள்ளது. ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசை ஒட்டி நிற்பது வழக்கம். ஆனி, ஆடி மாதங்களில் வறண்ட மேல்காற்று வீசும். தாளும் தீக்குச்சியும் மருந்தும் விரைவில் உலரும் இவ்வறட்சியே 1920-களில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்கும் பின்னர் பட்டாசுத் தொழிலுக்கும் துணைசெய்தது. அதே வறட்சி தொட்டி மண்ணையும் சில மணி நேரத்தில் உலர்த்திவிடும். நிலத்தில் நிற்கும் மரம் ஆழத்தில் வேர்விட்டு நீர் தேடும். சில அங்குல மண்ணில் நிற்கும் மரத்துக்கு அவ்வழி இல்லை.

ஏற்ற மரங்கள்

ஜூனிபர், கறுப்புப் பைன், மேப்பிள் ஆகியவற்றுக்குக் குளிர்கால ஓய்வு தேவை. சமவெளியில் அவை ஓரிரு ஆண்டுகளில் நலிவடையும். கீழ்க்காண்பவை இவ்வட்டாரத்துக்கு ஏற்றவை:

* ஆல், அரசு, இச்சி: வேர் கத்தரிப்பைத் தாங்குபவை, தொடக்க வளர்ப்பாளர்களுக்கு உகந்தவை. இவற்றுள் இச்சியின் இலை இயல்பிலேயே சிறியது. அரசின் பெரிய இலையைச் சிறுக்கச் செய்யப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும்.
* புளி: சிற்றிலைகளும் வெடிப்புள்ள பட்டையும் கொண்டது. இளமரத்துக்கும் முதுமரத் தோற்றம் விரைவில் அமையும்.
* கிளுவை: வேலியாக நடப்படும் முட்செடி. போத்து நட்டாலே வேர்விடும். அடிமரம் எளிதில் பருக்கும்.
* பராய்: அடர்ந்த சிற்றிலைகள் கொண்டது. அடிக்கடி கத்தரித்தாலும் தழைக்கும்.
* கொடுக்காப்புளி, காகிதப்பூ, மாதுளை: வெயில் விரும்பிகள்.
* அடினியம்: பருத்த அடிப்பகுதியில் நீரைச் சேமிப்பது. மழைக்காலத்தில் நனைந்தால் அழுகும். இதன் பால் நச்சுத்தன்மை உடையது.

இம்மாவட்டக் காடுகளில் வானம் பார்த்து நிற்கும் உடைமரத்தின் தட்டையான குடை வடிவம் போன்சாய் அமைப்புக்கு நல்ல முன்மாதிரியாகும்.

கன்று பெறும் முறைகள்

விதை, போத்து, பதியம், நாற்றங்கால் கன்று என நான்கு வழிகளில் செடி பெறலாம். விதையிலிருந்து வளர்ப்பது மிகுந்த காலம் எடுக்கும். பறவைகளின் எச்சத்தின் வழியாக ஆல், அரசு, இச்சி விதைகள் பழைய சுவர்களிலும் கிணற்றுக் கட்டுகளிலும் முளைப்பதுண்டு. கட்டடத்தைப் பிளக்கும் என்று எப்படியும் பிடுங்கி எறியப்படும் இக்கன்றுகள் குறைந்த மண்ணில் வாழப் பழகியவை. உரிமையாளரின் இசைவுடன் வேர் அறாமல் எடுத்து, நிழலில் வைத்து, துளிர்த்தபின் வெயிலுக்குப் பழக்கலாம்.

திருவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1988 முதல் நரை அணில் சரணாலயமாகவும், 2021 முதல் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் உள்ளது. அங்கிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றமாகும்.

தொட்டியும் மண் கலவையும்

தொட்டியின் அடியில் அகலமான வடிதுளைகள் இருத்தல் வேண்டும். மிகத் தட்டையான தொட்டிகள் ஈரத்தை விரைவில் இழப்பதால், இங்கு சற்று ஆழமான தொட்டியே பாதுகாப்பானது. வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் கரிசல் மண் நனைந்தால் உப்பி இறுகும், காய்ந்தால் வெடிக்கும். இதனால் வேருக்குக் காற்று கிடைக்காது. அதைத் தனியே பயன்படுத்துவது தவறு.

பொதுவாக ஏற்ற கலவை: சலித்த செங்கல் துண்டுகள் (3 முதல் 5 மில்லிமீட்டர்) இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. செங்கல் தூளைச் சலித்து அகற்றிவிட வேண்டும். அடினியத்துக்குச் செங்கல் துண்டுகளின் அளவைக் கூட்டலாம்.

நீர் ஊற்றுதல்

போன்சாய் இறப்பதற்கான முதன்மைக் காரணம் நீர் தவறுவதே. நாளுக்கு இத்தனை முறை என்ற கணக்கைவிட மண்ணைத் தொட்டுப் பார்ப்பதே சரியான முறை. மேல்மண் ஓர் அங்குலத்தில் கால்பங்கு அளவு காய்ந்ததும், வடிதுளை வழியே வழியும்வரை ஊற்ற வேண்டும். கோடையில் காலையும் மாலையும் ஊற்றத் தேவைப்படும். மேலே தெளித்து மண்ணின் மேற்பரப்பை மட்டும் நனைப்பது பயன்தராது. முற்றிலும் காய்ந்த தொட்டியை வாளி நீரில் குமிழி அடங்கும்வரை அமிழ்த்தி எடுக்கலாம்.

பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்புடையது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தோன்றுவதும் இலை நுனி கருகுவதும் இதன் அறிகுறிகள். மழைநீரைச் சேமித்து மாதம் ஒருமுறை நிறைய ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றலாம்.

வெயிலும் நிழலும்

போன்சாய் வீட்டின் உள்ளறைச் செடி அன்று. விழா நாட்களில் ஓரிரு நாள் உள்ளே வைக்கலாம். பிற நாட்களில் காலை வெயில் படும் திறந்த இடமே உகந்தது. மொட்டை மாடியின் தளம் நண்பகலில் கொதிக்கும் என்பதால் தொட்டியைத் தளத்தின்மீது நேராக வைக்காமல், செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை இட்டு வைக்க வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை 50 விழுக்காடு நிழல் வலை தேவை. மாலை வெயில் நேரே படும் பக்கத்தில் தொட்டியைச் சுற்றி நனைத்த சாக்கு கட்டலாம். ஆடிக் காற்றில் தொட்டி கவிழாதபடி கட்டி வைப்பதும் நன்று. தீபாவளி நாட்களில் மாடியிலுள்ள தொட்டிகளைத் தீப்பொறி விழாத இடத்துக்கு மாற்ற வேண்டும். பின்னர் இலைகளை நீரால் கழுவிப் புகைத்துகளை அகற்றலாம்.

உரம்

ஜப்பானிய வளர்ப்பாளர்கள் கடுகினச் செடியின் எண்ணெய்ப் புண்ணாக்கை மரபாகப் பயன்படுத்தி வருகின்றனர். எண்ணெய் வணிகத்துக்குப் பெயர்பெற்ற விருதுநகரில் கடலைப் புண்ணாக்கு எளிதில் கிடைக்கும். அதை ஊறவைத்துப் புளித்தபின் பத்து மடங்கு நீர் கலந்து, வளர்ச்சிக் காலத்தில் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஊற்றலாம். கடுங்கோடையிலும், தொட்டி மாற்றிய ஒரு மாதத்துக்குள்ளும் உரம் கூடாது. வெடியுப்பில் பொட்டாசியமும் நைட்ரசனும் உள்ளன எனினும், பட்டாசுத் தொழிலுக்கான மருந்துக் கலவைகளை உரமாக இடலாகாது. அவை எரிபற்றக்கூடியவை. வேருக்குத் தீங்கான பிற உப்புகளும் அவற்றில் இருக்கும்.

கத்தரித்தலும் கம்பி கட்டுதலும்

ஒரு கிளையில் ஆறு முதல் எட்டு இலைகள் வந்தபின் இரண்டு அல்லது மூன்றாகக் குறைப்பது ஆல் இனங்களுக்குப் பொதுவான முறை. கிளையை வளைக்க அலுமினியக் கம்பி பயன்படுகிறது. கம்பியின் தடிமன் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். வெப்ப நாட்டு மரங்கள் விரைவில் பருப்பதால் வாரம் ஒருமுறை கம்பியைப் பார்வையிட வேண்டும். பட்டையில் பதியத் தொடங்கியதும் கம்பியைச் சுற்றி இழுக்காமல் துண்டுதுண்டாக வெட்டி எடுக்க வேண்டும்.

தொட்டி மாற்றுதல்

வேர் தொட்டியை நிறைத்து நீர் இறங்கத் தயங்கும்போது மண் மாற்ற வேண்டும். இளம் ஆல் இனங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் முதிர்ந்தவற்றுக்கு அதனினும் நீண்ட இடைவெளியிலும் இது தேவைப்படும். வேர்த்திரளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவது தவிர்க்கத்தக்கது. பிறகு இரண்டு அல்லது மூன்று வாரங்கள் நிழலில் வைக்க வேண்டும்.

பூச்சிகள்

வறண்ட கோடையில் சிலந்திப்பேனும், பிற காலங்களில் மாவுப்பூச்சி, செதிற்பூச்சி ஆகியனவும் தாக்கும். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலை வேளையில் தெளிக்கலாம். நண்பகலில் தெளித்தால் இலை கருகும்.

ஆண்டுப் பணிகள்

* தை, மாசி: தொட்டி மாற்றம், வேர் கத்தரிப்பு.
* பங்குனி முதல் ஆனி வரை: நிழல், இருவேளை நீர். வேரைத் தொடலாகாது.
* ஆடி, ஆவணி: காற்றுக்காப்பு, மிதமான கத்தரிப்பு, உரம்.
* புரட்டாசி முதல் கார்த்திகை வரை: கம்பி கட்டுதல், வடிகால் கவனிப்பு, அடினியத்துக்கு மழைக்காப்பு.
* மார்கழி: நீரைக் குறைத்தல், பழுத்த இலைகளை அகற்றல்.

தவறான கருத்துகள்

போன்சாய் தனி மரவகை என்பது தவறு. அதே மரத்தை நிலத்தில் நட்டால் பெருமரமாகும். உணவையும் நீரையும் மறுத்தே மரம் குட்டையாக்கப்படுகிறது என்பதும் பொருந்தாது. பட்டினியிட்ட மரம் புதுக்கிளை விடாது. கிளை விடாத மரத்துக்கு வடிவம் தரவும் இயலாது. உருவம் சிறியதாக இருப்பது கத்தரிப்பாலேயே. இலை காலப்போக்கில் சிறுக்கும். பூவும் காயும் இயல்பான அளவிலேயே இருக்கும். போன்சாய் உள்ள குடும்பத்தில் முன்னேற்றம் தடைப்படும் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை இல்லை.

பராமரிப்பின் தொடர்ச்சி

அமெரிக்காவின் வாஷிங்டன் தேசிய மரத்தோட்டத்தில் உள்ள வெள்ளைப் பைன் போன்சாய் ஒன்று 1625 முதல் வளர்க்கப்பட்டு வருவதாகும். ஹிரோஷிமாவைச் சேர்ந்த யமாக்கி குடும்பத்தின் பொறுப்பில் இருந்த அம்மரம் 1945-ஆம் ஆண்டு அணுகுண்டு வீச்சுக்கும் தப்பியது. 1976-இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. இத்தகைய நீண்ட வாழ்வு கைமாறிக் கைமாறித் தொடரும் கவனிப்பினாலேயே அமைகிறது. விருதுநகர் போன்ற பகுதியில் கோடையில் இரண்டு நாள் வெளியூர்ப் பயணமே பத்து ஆண்டு உழைப்பை அழிக்கப் போதுமானது. எனவே நீர் ஊற்றும் முறையை வீட்டிலுள்ள இன்னொருவருக்கோ பக்கத்து வீட்டாருக்கோ முன்கூட்டியே பழக்குவது இன்றியமையாதது. ஆள் இல்லாதபோது தொட்டிகளை நிழலில் ஈர மணல் நிரப்பிய தட்டின்மேல் நெருக்கி வைத்து, நீர்க்குடத்திலிருந்து பருத்தித் திரி வழியே ஈரம் செல்லுமாறு அமைக்கலாம். ஓரிரு நாட்களுக்கு மட்டுமே இது போதுமானது.

இவற்றையும் பார்க்க

* பென்ஜிங்
* கரிசல் மண்
* மாடித் தோட்டம்
* விருதுநகர் மாவட்டம்