குடும்பமும் கல்வியும்: கொங்கு நாட்டு வரலாறு தரும் பாடம்

கொங்கு நாட்டின் வேளாண்மை வரலாறு கிணறுகளின் வரலாறாகும். மாடு பூட்டிக் கவலை இறைத்த அக்காலத்தில், அதற்கு வேண்டிய தோற்கருவிகளைச் செய்தும் செப்பனிட்டும் தந்தவர்கள் நம் அருந்ததிய மக்களே. அவருள் பலர் முன்பணம் பெற்று, ஆண்டுக் கணக்கில் பண்ணையாட்களாய் உழைத்தனர். கடன் தந்தையின் பெயரில் இருக்கும். மாடு மேய்ப்பது மகனாக இருக்கும்.

1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. மின் இறைப்பான்கள் பரவப் பரவக் கவலை மறைந்தது. தோல் தொழிலும் நலிந்தது. ஆயின் முன்பணம் மறையவில்லை.

நலப்பணிகள் நடைபெறாமல் இல்லை. 1920 முதல் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை நம் மக்களுக்கெனப் பள்ளி, கிணறு, மனையிடம் ஆகியவற்றை அமைத்தது. காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பசியைத் தணித்தன. எனினும், பிள்ளைக்குப் பள்ளி ஓர் அலுவலகம், தந்தைக்குக் கடனுதவி மற்றோர் அலுவலகம் எனப் பணிகள் பிரிந்தே நின்றன. தந்தையின் கடன் தீராதவரை, பிள்ளையின் பெயர் பதிவேட்டில் இருந்தும் பிள்ளை வகுப்பில் இல்லை.

இவ்வுண்மையை உணர்ந்தது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். கடனாளி தாமாகவோ, தம் குடும்பத்தார் வாயிலாகவோ செய்யும் கட்டாய உழைப்பு, இரண்டையுமே அது ஒழித்தது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழுவில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மூவர்க்கும், சமூகப் பணியாளர் இருவர்க்கும், கடன் நிறுவனப் பிரதிநிதி ஒருவர்க்கும் இடமளித்தது. பின்னர் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என விதித்தது.

பண்ணையாள் முறை அருகிய பின்னரும், முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு செங்கற்சூளைக்குச் செல்லும் நிலை இன்றும் உண்டு. ஆதலின், ஒரு பிள்ளை பள்ளிக்கு வாராதபோது, ஆசிரியரும் கிராம நிருவாக அலுவலரும் பெற்றோரும் ஒருங்கே அமர்ந்து, இவ்வீட்டின் கடன் யாது என முதலில் வினவுதல் வேண்டும். அவ்வினா எழுப்பப்படும் குழுக்களில் நம் தாய்மார்க்கு உரிய இடங்கள் வெறுமையாயிருத்தல் ஆகாது. வெள்ளி விழாக் காணும் நம் சங்கம், உதவித்தொகை வழங்குவதோடு அமையாது, அவ்விடங்களில் அவர்களை அமர்த்தும் பணியையும் மேற்கொள்வோமாக.