செம்பும் களிம்பும்



சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குச் செம்பிற் களிம்பு என்ற உவமை புதியதன்று. செம்போடு களிம்பு உடனிருப்பதுபோல உயிரோடு ஆணவமும் உடனிருக்கிறது என்பார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அம்பிளிபயரிலிருந்து ஒலிபெருக்கிக்கு ஓடுகிற வயருக்குள் இருக்கும் செம்பு. ஆனால் களிம்பு அதே களிம்புதான். உடப்புக் கடற்கரையில் வீடு கட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். அவருடைய தாத்தா கரைவலைச் சம்மாட்டி. வலை இழுக்கும்போது அவர் பாடிய அம்பாப் பாடல்களை யாரோ ஒரு கசெற்றில் பதிந்து வைத்திருக்கிறார்கள். தாத்தா இப்போது இல்லை, கசெற் இருக்கிறது. அதை நல்லபடியாகக் கேட்கவேண்டும் என்று மாணவர் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளைப் பழுது பார்த்து, கடையில் சொன்ன பேச்சை நம்பி, விரல் மொத்தத்தில் ஒரு வயரும் வாங்கி வந்துவிட்டார். வயரின் விலை என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

“சேர், ஒருக்கா வந்து கேட்டுப் பாருங்க. காசு கொடுத்தும் தாத்தாட குரல் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கு” என்றார்.

வயர் தடித்தால் ஒலி தெளியுமா? இந்தக் கேள்விக்கு வயது நூற்றறுபதுக்கு மேல்.

1858 ஆகஸ்டில் அத்திலாந்திக் கடலுக்கு அடியால் முதல் தந்திக் கம்பி போடப்பட்டது. அதே ஆண்டிலேதான் கொழும்புக்கும் காலிக்கும் இடையே நமது நாட்டின் முதல் தந்தியும் ஓடியது. கடற்கம்பியின் நடுவே செம்பு; அதைச் சுற்றி மலாயக் காடுகளில் எடுத்த கட்டாப்பேர்ச்சாப் பிசின். விக்டோரியா மகாராணியின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி அக்கரை சேரப் பதினாறு மணித்தியாலம் எடுத்தது. கம்பி நீள நீளச் சமிக்ஞை குழம்பித் தாமதிக்கும், ஆகவே செம்பைத் தடிப்பாக்குங்கள் என்று வில்லியம் தொம்சன் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர் இவர்தான். கம்பனியின் மின்னியலாளராக இருந்த வைற்ஹவுஸ், தொழிலால் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர், அந்தக் கணக்கை ஏற்கவில்லை. செய்தி போகாதபோது ஏறத்தாழ 2000 வோல்ற் அழுத்தத்தைக் கம்பிக்குள் செலுத்தினார். சில வாரங்களில் கம்பி ஊமையாயிற்று. 1866இல் வெற்றி கண்ட கம்பியில், ஒரு கடல் மைலுக்கு 107 இறாத்தலாக இருந்த செம்பு 300 இறாத்தல் ஆகியிருந்தது.

ஆக, தடித்த செம்புக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் அது ஆயிரக்கணக்கான மைலின் நியாயம். பத்தடி அறைக்கும் அதுவே பொருந்துமா என்பதை யாரும் நெடுங்காலம் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி ஒழுங்காக ஒலிபரப்பத் தொடங்கிய பின், வீட்டுக்கு வந்த றேடியோவில் ஒலிபெருக்கி பெட்டிக்குள்ளேயே இருந்தது. நம் பெரியவர்கள் கவலைப்பட்டதெல்லாம் தென்னைக்கும் தென்னைக்கும் இடையில் கட்டிய ஏரியல் கம்பியைப் பற்றித்தான். எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரலை இரசித்தவர்களில் எவரும் ஒலிபெருக்கி வயரின் பருமனை விசாரித்திருக்க மாட்டார்கள்.

1958இல் ஸ்ரீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. இடமும் வலமுமாக இரண்டு பெட்டிகள் பிரிந்து நின்றன. இடையில் வயர் வந்தது. மேசை விளக்குக்குப் பூட்டும் சாதாரண வயரே அதற்குப் போதும் என்றிருந்தார்கள். 1970களின் இறுதியில் அமெரிக்காவில் நோயல் லீ என்ற பொறியியலாளர் தடித்த வயர் ஒன்றை ‘மொன்ஸ்டர் கேபிள்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். விளக்கு வயர் அன்று முதல் ஏழை வயராயிற்று. 1983இல் ‘ஸ்ரீரியோ றிவியூ’ சஞ்சிகையில் லோரன்ஸ் கிறீன்ஹில் பதினொரு பேரை இருத்தி, எந்த வயர் ஒலிக்கிறது என்று காட்டாமலே கேட்க வைத்த சோதனையை எழுதினார். மிக மெல்லிய 24ஆம் எண் வயரின் வேறுபாட்டை வெறும் இரைச்சல் ஒலியில் பெரும்பாலோர் கண்டுகொண்டனர். இசையை ஒலிக்கவிட்டபோது அந்த உறுதி பெரிதும் குறைந்துவிட்டது.

இதன் கணக்கு எளிது. ஒரு சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பியின் தடை மீற்றருக்கு 0.017 ஓம். பத்து மீற்றர் தூரமென்றால் போக வர இருபது மீற்றர்; 0.34 ஓம். எட்டு ஓம் ஒலிபெருக்கிக்கு முன் அது நூற்றுக்கு நான்கு பங்கு மின்னழுத்தத்தைத்தான் தின்னும். காதுக்கு அது பெரிதல்ல. ஆனால் எட்டு ஓம் என்பது பெயரளவில்தான். சுருதிக்குச் சுருதி அந்த எண் ஏறி இறங்கும். ஆகவே மிக மெல்லிய வயர் ஒலியைக் குறைப்பதோடு நில்லாமல் அதன் நிறத்தையும் சற்று மாற்றும். செம்பின் மேற்பரப்பில்தான் உயர்ந்த ஒலி ஓடுகிறது என்று விற்பனையாளர் சொல்வதும் முழுப் பொய் அல்ல. செக்கனுக்கு 20,000 அதிர்வில் மின்னோட்டம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் ஆழத்துக்குள் ஒதுங்கும். வீட்டு வயரின் நீளத்தில் அதனால் காது இழப்பது மிகச் சொற்பம்.

நமது திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்புக் காலத்தில் கதை வேறு. அதே ஒரு மில்லிமீற்றர் வயரை நூறு மீற்றர் இழுத்தால் தடை 3.4 ஓம்; எட்டு ஓம் குழாய் ஒலிபெருக்கிக்குக் கிடைக்கும் வலு பாதியாகிவிடும். தெருக்கோடியில் நிற்பவருக்குப் பாரதக் கதை முணுமுணுப்பாகிவிடும். இதற்குச் சவுண்ட் செற்காரர்கள் கண்ட வழி வயரைத் தடிப்பாக்குவதல்ல. ஒரு மாற்றி வைத்து அழுத்தத்தை 100 வோல்ற்றுக்கு உயர்த்துவார்கள். மின்னோட்டம் குறையும், வயர் தின்பதும் குறையும். ஒலிபெருக்கியின் கழுத்தில் இன்னொரு மாற்றி அதைத் திரும்ப இறக்கும். வைற்ஹவுஸ் அழுத்தத்தை ஏற்றிக் கெடுத்தார். இவர்கள் ஏற்றியே காரியம் பார்க்கிறார்கள். அளவு தெரிந்து ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

மாணவர் வீட்டுக்குத் திரும்புவோம். றேடியோ திருத்தும் நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். கிறீன்ஹில்லைப் பின்பற்றி மாணவரின் தாயாரையும் இரண்டு அக்காமாரையும் முதுகு காட்டி உட்காரவைத்து, பழைய வயரையும் புதிய வயரையும் மாறி மாறிப் பூட்டினோம். “இது தெளிவு” என்று அக்கா சொன்னது ஒருமுறை பழையதாக இருந்தது, மறுமுறை புதியதாக இருந்தது. தாயார் எதற்கும் பதில் சொல்லவில்லை. அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகுதான் நண்பர் பெட்டிகளின் பின்புறத்தைப் பார்த்தார். வலப்பக்கப் பெட்டியில் வயரைப் பிடிக்கும் கவ்விக்குள் பச்சைப் பசேலென்று களிம்பு. உப்புக் காற்று பல ஆண்டாகச் செய்த வேலை. எந்த வயரைக் கொண்டுவந்தாலும் அந்தக் கதவடியில் நின்றுதான் உள்ளே போகவேண்டும். சுரண்டித் துடைத்த பின் வலப்பெட்டி இடத்துக்குச் சமமாக ஒலித்தது. ஆனால் கிணற்றுக் குரல் மாறவில்லை. இடப்பெட்டியில் சிவப்பும் கறுப்பும் மாறிப் பூட்டப்பட்டிருந்தன. ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரலுக்கு இருப்பிடம் இல்லாமற் போகும். அதையும் மாற்றிப் பூட்டினார்.

கசெற்றை மறுபடி போட்டோம். தாத்தாவின் குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே வந்து நின்றது. அவர் ஓர் அடி எடுக்க, வலை இழுப்பவர்கள் அடுத்ததைத் தாங்கிப் பிடித்தார்கள், பின்னால் அலை. இரண்டாம் பாட்டின் நடுவில் நாடா தேய்ந்து குரல் சில விநாடிக்கு மங்கியது. அது எந்த வயராலும் திரும்பி வராத இடம். மாணவர் நாடாவை நிறுத்தினார். கணினியில் பதிந்து முடிக்கும்வரை இனி ஓடவிடுவதில்லை என்றார்.

பூட்டியிருந்தது பழைய வயர். புதியது சுற்றியபடி அலுமாரிக்கு மேல் இருந்தது.