சங்கிலியின் நீளம்: ஆள்சேர்ப்புத் துறைத் தலைவர்களின் சமூக ஊடகப் பயன்பாடு குறித்து ஒரு மறுவாசிப்பு

ஆள்சேர்ப்பு நிறுவனங்களின் தலைவர்கள் சமூக ஊடகத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று ஆராயும் எழுத்துகளில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. வேலை பற்றிய செய்தி நெருங்கியவர்களைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள் வழியாகவே அதிகம் வருகிறது; ஆகவே ஒரு தலைவர் தம் கணக்கில் முன்பின் அறியாதவர்களை எவ்வளவு சேர்க்கிறாரோ அவ்வளவுக்கு அவருடைய நிறுவனத்துக்கு நல்ல ஆட்கள் கிடைப்பார்கள் என்பது அந்த வாதம். மார்க் கிரானோவெட்டர் 1973இல் அமெரிக்கச் சமூகவியல் இதழில் வெளியிட்ட, மெல்லிய தொடர்புகளின் வலிமை பற்றிய கட்டுரை இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. முதல் கூற்றில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. இரண்டாவது கூற்றுக்கு அக்கட்டுரையில் ஆதாரம் கிடையாது. அதை மறுக்கும் ஆதாரமோ அதிலேயே இருக்கிறது. மேற்கோள் காட்டுவோர் ஒரு விழுக்காட்டு வரியோடு நின்றுவிடுவதால் அது கண்ணில் படுவதில்லை. ஆள்சேர்ப்புத் துறைத் தலைவருக்குச் சமூக ஊடகம் தரும் பயன், செய்தி எத்தனை பேரை எட்டியது என்பதைவிட, காலியிடத்துக்கும் தேடுபவருக்கும் இடையில் எத்தனை கைகள் இருந்தன என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது என்று இங்கே வாதிடுகிறேன்.

முதலில் அனைவரும் எடுத்தாளும் அந்த வரி. பாஸ்டனின் புறநகரான நியூட்டனில் அண்மையில் வேலை மாறிய, தொழில்முறை, தொழில்நுட்ப, மேலாண்மைப் பணியாளர்களைக் கிரானோவெட்டர் ஆராய்ந்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற 54 பேரிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்து வந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றோர் 16.7 விழுக்காடு, அவ்வப்போது என்றோர் 55.6, அரிதாக என்றோர் 27.8. தலைக்கணக்கில் சொன்னால் 9, 30, 15 பேர். ‘அவ்வப்போது’ என்பது ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல், வாரத்துக்கு இருமுறைக்குக் கீழ். ‘அரிதாக’ என்பது ஆண்டுக்கு ஒருமுறை அல்லது அதற்கும் குறைவு. வாரத்தில் இருமுறையாவது பார்ப்பவர்கள் வெறும் 9 பேர் என்பதைப் பிடித்துக்கொண்டு, அறிமுகம் குறையக் குறையப் பலன் கூடும் என்று படிப்பது எளிது. ஆனால் எஞ்சிய 45 தொடர்புகளும் எப்படிப்பட்டவை என்று கிரானோவெட்டரே விளக்குகிறார். பழைய கல்லூரி நண்பர், முன்பு உடன் வேலை பார்த்தவர், முன்னாள் முதலாளி போன்றவர்களே அவர்களில் பலர். தொழில்வழித் தொடர்பாக இருந்தால், வேலைக்கு வெளியே அவரைப் பார்த்ததே இல்லை என்று ஏறக்குறைய எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். மெல்லிய தொடர்பு என்பது இங்கே நட்பின் அளவில்தான் மெல்லியது. அந்த மனிதர் என்ன வேலை தெரிந்தவர், எப்படி வேலை செய்வார் என்ற அறிவு கெட்டியாகவே இருக்கிறது. ஒரு தலைவரின் பதிவுக்கு விருப்பக் குறி போட்டுவிட்டுப் போகும் பின்தொடர்பவரை இந்தப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் வைப்பது? அவரோடு சேர்ந்து ஒரு நாளும் யாரும் வேலை செய்ததில்லை. அவர் இந்த மூன்று கட்டங்களுக்கும் வெளியே நிற்கிறார்.

இதைவிட முக்கியமான பகுதி அதற்குப் பின்னால் வருகிறது. செய்தி எத்தனை இடைநிலையாளர்களைக் கடந்து வந்தது என்று கிரானோவெட்டர் கணக்கிட்டிருக்கிறார். 39.1 விழுக்காட்டினருக்கு வேலை கொடுப்பவரே நேரடியாகச் சொன்னார். அவரை இவர்கள் முன்பே அறிவார்கள். 45.3 விழுக்காட்டினருக்கு இடையில் ஒருவர் இருந்தார். இருவர் இருந்தது 12.5 விழுக்காடு, அதற்கு மேல் இருந்தது 3.1 விழுக்காடு. அதாவது நூற்றுக்கு 84 பேருக்கு மேல், வேலை கொடுப்பவரிடமிருந்தோ அவரை அறிந்த ஒரே ஒருவரிடமிருந்தோதான் செய்தியைப் பெற்றிருக்கிறார்கள். நீண்ட சங்கிலிகள் வழியாக வேலைச் செய்தி பரவியிருந்தால் ஒவ்வொரு காலியிடத்தையும் பெருங்கூட்டம் அறிந்திருக்கும், எந்தத் தனித் தொடர்புக்கும் மதிப்பு இருந்திருக்காது என்றும் கிரானோவெட்டர் சேர்த்துச் சொல்கிறார். நீண்ட சங்கிலி வழியாகச் செய்தி பெற்ற அந்தச் சிலரைப் பற்றிய அவருடைய கணிப்புதான் இன்றைய விவாதத்தில் அறவே பேசப்படாமல் போனது. அவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், வேலையிழக்கும் நிலையில் இருந்தவர்கள். அவர்களுக்காக யாரும் ஒரு வார்த்தை பேசியது மிக அரிது. குறுகிய வழியில் வேலை பெற்றவர்களைவிட, முகமைகளையும் விளம்பரங்களையும் நம்பியவர்களையே அவர்கள் ஒத்திருந்தார்கள். செய்தித்தாளில் படித்த வேலைக்குப் பரிந்துரை கிடைக்காதது போலவே ஐந்தாம் கையாகக் கேட்ட வேலைக்கும் கிடைக்காது என்பது அவர் முடிவின் சாரம். குறுஞ்சங்கிலி செய்தியோடு செல்வாக்கையும் சுமந்து வருகிறது. நெடுஞ்சங்கிலியில் செய்தி மட்டும் தனியாக வந்து சேர்கிறது.

இப்படிப் படித்தால் வழக்கமான முடிவு தலைகீழாகிறது. ஒரு பதிவு பகிரப்பட்டு, பகிர்ந்ததை இன்னொருவர் பகிர்ந்து, அது ஐந்து குழுக்களைக் கடந்து போவதைச் சமூக ஊடக வெற்றி என்கிறோம். கிரானோவெட்டரின் அளவுகோலில் அது செய்தித்தாள் விளம்பரம். விளம்பரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மெல்லிய தொடர்புகளின் வலிமை என்று பெயர் சூட்டுவது தவறான வாசிப்பு. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நெடுஞ்சங்கிலி அவர்களைப் பாதகமான நிலைக்குத் தள்ளியதா, பாதகமான நிலையில் இருந்ததால் நெடுஞ்சங்கிலிதான் அவர்களுக்குக் கிட்டியதா என்பதை அந்த ஆய்வு பிரித்துக் காட்டாது. மாதிரியும் சிறியது, ஆண்களை மட்டும் கொண்டது, ஒரே ஊரைச் சேர்ந்தது. இரண்டாவது விளக்கமே சரி என்று வைத்துக்கொண்டாலும் ஆள்சேர்ப்பவரைப் பொறுத்தவரை விளைவு மாறாது: பரவலை மட்டும் நாடும் பதிவு, வேறு வழி இல்லாதவர்களிடமே அதிகம் போய்ச் சேரும்; வேலையில் நிலைத்திருப்பவரை அது அசைக்காது. நிறுவனங்கள் கட்டணம் கொடுத்து முகமையை நாடுவது பெரும்பாலும் அப்படி நிலைத்திருப்பவர்களுக்காகவே.

பெரிய தரவுகள் வந்துவிட்ட காலத்தில் 54 பேரை வைத்து வாதிடலாமா என்ற கேள்வி நியாயமானது. 2022இல் சயன்ஸ் இதழில் ராஜ்குமார் உள்ளிட்ட ஐவர் வெளியிட்ட ஆய்வு, லிங்க்ட்இன் தளம் தன் தொடர்புப் பரிந்துரை நெறிமுறையில் 2015 முதல் 2019 வரை செய்த சோதனைகளை ஆராய்ந்தது. 2 கோடிக்கும் மேற்பட்ட பயனர்கள், 200 கோடி புதிய தொடர்புகள், 6 லட்சம் புதிய வேலைகள். மெல்லிய தொடர்பின் பலன் இதில் உறுதிப்பட்டது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆய்வு சொன்னது அவ்வளவு எளிதல்ல. பொதுத் தொடர்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளந்தபோது, மிதமாக மெல்லிய தொடர்புகளே அதிகப் பயன் தந்தன. இன்னும் மெலிந்தபோது பயன் குறைந்தது. எண்ணிமமயமான துறைகளில் மெல்லிய தொடர்பும், அவ்வளவாக எண்ணிமமயமாகாத துறைகளில் நெருங்கிய தொடர்பும் கைகொடுத்தன. என் வாதத்துக்கு இவற்றைவிட முக்கியமானது ஆய்வின் அளவீட்டு முறை. புதிதாகத் தொடர்பான ஒருவர் இருக்கும் நிறுவனத்துக்கே பயனர் பின்னர் மாறினாரா என்பது அதன் முக்கிய அளவீடு. அதாவது சங்கிலியின் மறுமுனையில் அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் மனிதர். ஃபேஸ்புக் தரவைக் கொண்டு ஜீ, ஜோன்ஸ், பர்க் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்விலும், நண்பர் ஏற்கெனவே வேலை பார்க்கும் இடத்தில் ஒருவர் சேர்வதே அளக்கப்பட்டது. எண்ணிக்கையால் மெல்லிய தொடர்புகள் கூட்டாகப் பயன்பட்டாலும், தனித்தனியே ஒப்பிட்டால் நெருங்கிய தொடர்பே வலியது என்று அது கண்டது. இரண்டு ஆய்வுகளும் குறுஞ்சங்கிலியை மட்டுமே அளந்திருக்கின்றன. பல கை மாறிப் போகும் பதிவின் பயனுக்கு இவற்றைச் சான்றாக நிறுத்துவது முறையாகாது.

நெடுஞ்சங்கிலியின் விலை என்ன என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் களத்தில் தெளிவாகக் காணலாம். வாட்ஸப் குழுக்களில் சுற்றும் வழக்கமான படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே விமானம், நடுவே நாட்டின் பெயர், கீழே ஃபிட்டர், வெல்டர், டிரைவர் என்ற பட்டியல், மாதச் சம்பளம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், டைரக்ட் இன்டர்வியூ, ஓரத்தில் ஒரு கைபேசி எண். நிறுவனத்தின் பெயர் இருக்காது. ஏஜென்ட், சப்-ஏஜென்ட், ஊர்க்காரர், உறவினர் குழு என்று கை மாறி வரும்போது, முதலில் யார் சொன்னது என்பது தேய்ந்து, எண் மட்டும் எஞ்சுகிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். சட்டவிரோத முகவர்கள் பலர் ஃபேஸ்புக், வாட்ஸப் வழியாகவே இயங்குகிறார்கள், இருப்பிட விவரம் தருவதில்லை என்று வெளியுறவு அமைச்சகம் 2023 டிசம்பரில் எச்சரித்தது. பதிவு பெற்றவர்களின் உரிம எண் சமூக ஊடக விளம்பரங்களிலும் இடம்பெறும் என்றும் அதே அறிவிப்பு சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு, தாய்லாந்தில் வேலை என்ற சமூக ஊடக விளம்பரங்களை நம்பிப் போன இளைஞர்கள் மியான்மரின் மியாவாடி பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கினார்கள். மீட்கப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். நேர்மையான நிறுவனத்தின் பதிவும் இதே பாதையில்தான் பயணம் செய்கிறது. மூன்றாவது கையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. பரவலை மட்டும் குறிவைக்கும் தலைவர், தம் நம்பகத்தை மோசடிக்காரரின் நம்பகத்தோடு ஒரே தராசில் வைத்துவிடுகிறார்.

அப்படியானால் தலைவர் செய்ய வேண்டியது என்ன? அவருடைய மிகப் பெரிய செல்வம், அவர் நிறுவனம் முன்பு வேலையில் அமர்த்தியவர்கள். கிரானோவெட்டரின் முன்னாள் சக பணியாளருக்கு இணையானவர்கள் அவர்களே. அவர்களின் வேலைத் திறனைத் தலைவர் அறிவார், அவர்கள் சொல்லுக்கு நிறுவனத்துக்குள் மதிப்பு உண்டு. ‘அவ்வப்போது’, ‘அரிதாக’ என்ற கட்டங்களே 45 பேரைத் தந்தன என்றால், நாளுக்கு மூன்று பதிவு போட்டு அவர்களை நச்சரிக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை பெயர் சொல்லி விசாரித்தாலே தொடர்பு உயிரோடு இருக்கும். காலியிடத்தைப் பற்றிய பதிவை, ஆள் தேவைப்படும் பிரிவின் மேலாளரே தம் பெயரில் எழுதச் செய்து, தலைவர் அதன் கீழ் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். அப்போது படிப்பவருக்கும் வேலை கொடுப்பவருக்கும் இடையே ஒரே கைதான். நிறுவனத்தின் பெயர், உரிம எண், சம்பளம், கட்டணம், கடைசித் தேதி ஆகியவற்றைப் படத்தின் மேலேயே பொறித்துவிட வேண்டும். தலைப்புரையில் மட்டும் எழுதினால் முதல் பகிர்விலேயே அவை உதிர்ந்துவிடும். இடம் நிரம்பியதும் நிரம்பிவிட்டது என்று அதே பதிவில் சொல்ல வேண்டும். இவை சின்னச் சின்ன ஏற்பாடுகள்தாம். ஆனால் ஒவ்வொன்றும் சங்கிலியிலிருந்து ஒரு கண்ணியைக் கழற்றுகிறது.

இதற்கு எழக்கூடிய கனமான மறுப்பு ஒன்று உண்டு. குறுஞ்சங்கிலி என்பது தெரிந்தவர்களுக்குள் வேலையைப் பங்கிடுவதாக முடியாதா, நம் சூழலில் அது சாதிச் சங்கிலியாக ஆகிவிடாதா? இந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பொது விளம்பரம் இதற்கு மாற்று என்ற நம்பிக்கையும் பொய்த்திருக்கிறது. தோரட்டும் அட்டெவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செய்தித்தாளில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டன. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. எல்லோரையும் எட்டிய விளம்பரம் எல்லோரையும் உள்ளே விடவில்லை. இந்தக் கட்டத்தில் ஆள்சேர்ப்பு நிறுவனத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது: தன் சாதி வட்டத்தில் செல்வாக்குள்ள கண்ணி இல்லாத ஒருவருக்குத் தானே அந்த ஒரு கண்ணியாக அமைவது. தலைவரின் தொடர்புப் பட்டியல் அவர் படித்த கல்லூரியோடும் பிறந்த வட்டத்தோடும் நின்றுவிட்டால் மறுப்பாளர்கள் சொல்வது பலித்துவிடும். பல ஊர், பல கல்லூரி, பல சமூகங்களிலிருந்து வேலையில் அமர்த்தியவர்களைக் கொண்டதாக இருந்தால் பலிக்காது. இனி, பரவல் இல்லாவிட்டால் நிறுவனத்தின் பெயரே வெளியில் தெரியாது என்ற மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. பெயர் தெரிவது விளம்பரத் துறையின் வேலை. அதற்குத் தனி வரவுசெலவு உண்டு.

மெல்லிய தொடர்புகளைப் பற்றிய அரை நூற்றாண்டு விவாதம், தொடர்பின் வலிமையையே அளந்துகொண்டிருந்ததில் அதன் நீளத்தை மறந்துவிட்டது. பின்தொடர்வோர் எண்ணிக்கையைத் தலைவரின் செயல்திறன் அளவாகக் கொள்ளும் ஆய்வுகள், கிரானோவெட்டரின் பெயரைச் சொல்லி அவர் பிரித்துக் காட்டிய வேறுபாட்டையே அழிக்கின்றன. இனி இத்துறையில் ஆய்வு செய்பவர்கள் ஒரு பதிவு எத்தனை பேரை எட்டியது என்பதோடு, வேலை பெற்றவர் அதை எத்தனையாவது கையாகப் பெற்றார், அவருக்காக யார் பேசினார் என்பதையும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்த இரண்டு கேள்விகளும் இல்லாத அளவீட்டைச் சமூக ஊடகப் பயனுக்குச் சான்றாக ஏற்க இயலாது.